இறந்தோர்க்குப் பாடும் பாடல் யாருக்கு உரியது?

சென்ற மார்கழித் திங்களில் ஒருநாள் விடியற்காலையில் எங்கள் பாடற்குழுவினர் நால்வர் அடி அண்ணாமலைக்குச் சென்றிருந்தோம். திருவண்ணாமலைப் பெருங்கோயிலுக்கு மலையின் மறுபுறத்தே, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அமைந்துள்ள சிற்றூர் அது. மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது இங்கேதான் என்று வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். கோயில் ஒலிபெருக்கியில் அப்பாடல் ஒலித்துக்கொண்டிருந்த வேளையில் நாங்கள் ஒரு சாவு வீட்டினுள் நுழைந்தோம். இறந்தவர் கத்தோலிக்க மூதாட்டி ஒருவர். இளமையிலேயே கணவனை இழந்து, பூக்கட்டி விற்று, ஒரே மகனைப் படிக்க வைத்தவர்.

உடலருகே அவருடைய தங்கை அமர்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். அக்காள் பட்ட பாட்டையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றின் இறுதியிலும் அவரை அழைத்து அழைத்து அழுதார். மகனோ, "அம்மா சிரித்த முகமாக வாழ்ந்தவர். அழுகைப் பாட்டு எதுவும் வேண்டாம், உற்சாகமாகப் பாடுங்கள்" என்று எங்களிடம் முன்னரே கேட்டுக்கொண்டிருந்தார். நான் அந்தத் தங்கையிடம் சென்று, "ஆயா, கொஞ்சம் நிறுத்துங்கள், செபம் ஆரம்பிக்க வேண்டும்" என்றேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நாங்கள் விசைப்பலகையின் தாளத்தோடு உயிர்ப்புப் பாடல் ஒன்றை விரைவான நடையில் பாடினோம். எங்கள் நால்வர் குரலைத் தவிர அவ்வீட்டில் வேறு குரல் எழவில்லை.

அன்று நான் செய்தது சரியா? இக்கேள்வி பல நாள் என்னை விடவில்லை. அடக்கச் சடங்கில் எந்தப் பாடலைப் பாடுவது என்பது பாடற்குழுத் தலைவரின் விருப்பத்தையோ குரல்வளத்தையோ மட்டும் பொறுத்த செய்தியன்று. அந்தப் பாடல் யாருக்கு உரியது? இறந்தவருக்கா, அவரை இழந்தவர்களுக்கா, திருச்சபைக்கா? இதற்கு விடை கண்டாலன்றிப் பாடலைத் தேர்ந்தெடுக்க இயலாது.

முதலில் திருச்சபை கூறுவதைக் காண்போம். 1963 டிசம்பர் 4 அன்று வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, தன் 81-ஆம் பத்தியில் அடக்கச் சடங்குகளைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்கிறது. கிறிஸ்தவ மரணத்தின் பாஸ்காத் தன்மை அச்சடங்குகளில் தெளிவாகத் தோன்றவேண்டும். அவை அந்தந்த நாட்டின் சூழலுக்கும் மரபுக்கும் மேலும் பொருந்தி அமையவேண்டும். இதன்படி 1969-இல் புதிய அடக்கச் சடங்கு முறை வெளியிடப்பட்டது. கடவுளின் சினநாளை அச்சத்தோடு பாடும் 'தியேஸ் ஈரே' என்ற பழைய இலத்தீன் பாடல் இறந்தோர் திருப்பலியிலிருந்து நீக்கப்பட்டது. பழைய முறையில் இடம்பெறாத அல்லேலூயா, தவக்காலம் தவிர்த்த மற்றக் காலங்களில் இடம்பெற்றது. இறந்தவரின் வீடு, கோயில், கல்லறை என்ற மூன்று நிலைகளில் நடைபெறும் செபமுறையும் வகுக்கப்பட்டது.

அச்சத்தின் இடத்தில் நம்பிக்கை வந்தது நன்றே. ஆனால் நாம் அந்த நம்பிக்கையைப் பல வேளைகளில் தவறாகப் புரிந்துகொண்டோம். உயிர்ப்பை நம்புகிறவன் அழக்கூடாது என்று யாரும் நமக்குக் கற்பிக்கவில்லை, நாமே கற்பித்துக்கொண்டோம். பெத்தானியாவில் லாசரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்திருந்த ஆண்டவரே கல்லறைக்குச் செல்லும் வழியில் கண்ணீர் விட்டார். சற்றுநேரத்தில் மகிழ்ச்சி வரவிருக்கிறது என்பதால் மார்த்தாவையும் மரியாவையும் அவர் அடக்கவில்லை.

புனித அகுஸ்தீனார் தம் ஒப்புகை நூலின் ஒன்பதாம் பகுதியில் எழுதியிருப்பது இங்கே கருதத்தக்கது. 387-ஆம் ஆண்டு ஓஸ்தியா துறைமுகத்தில் அவருடைய அன்னை மோனிக்கா இறந்தார். அவருடைய மகன் அதேயோதாத்துஸ் கதறினான்; உடனிருந்தோர் அவனை அடக்கினர். கிறிஸ்தவச் சாவுக்குப் புலம்பல் தகாது என்று கருதினர். எவோதியுஸ் திருப்பாடல் நூலை எடுத்துப் பாடத் தொடங்க, வீட்டார் அனைவரும் பதில் பாடினர். அகுஸ்தீனாரும் தம் கண்ணீரை வலிந்து அடக்கினார். அடக்கம் முடிந்தும் துயரம் தீரவில்லை. பின்னர்ப் படுக்கையில் தனித்திருந்தபோது புனித அம்புரோசியாரின் மாலைப் பாடல் ஒன்று நினைவுக்கு வந்தது. அதன்பின் தம் அன்னைக்காகச் சிறிது நேரம் அழுதார். தாயின் பொருட்டு விட்ட அந்தக் கண்ணீருக்காகத் தம்மை இகழவேண்டாம் என்று படிப்போரைக் கேட்டுக்கொள்கிறார். இத்துணைப் பெரிய மறைவல்லுநர் தம் கண்ணீருக்காக நம்மிடம் மன்றாட வேண்டியிருந்தது. அடி அண்ணாமலையில் நான் அடக்கியதும் அத்தகைய ஒரு கண்ணீரையே.

தமிழ் மண்ணில் சாவுக்கென்றே இசை உண்டு. ஓர் இல்லத்தில் சாப்பறையாகிய நெய்தலும் மற்றோர் இல்லத்தில் மணமுழவும் ஒரே வேளையில் ஒலிப்பதைக் கண்டு வருந்திய பக்குடுக்கை நன்கணியாரின் பாடல் புறநானூற்றில் 194-ஆவதாக உள்ளது. அவ்விரண்டு ஒலியையும் மாற்றி ஒலிக்கலாம் என்று நம் முன்னோர் ஒருபோதும் எண்ணவில்லை. நம் கத்தோலிக்க மரபும் அழுகையைப் புறக்கணிக்கவில்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தேவமாதாவின் துயரத்தை 'அன்னை அழுங்கல் அந்தாதி'யாகப் பாடினார். பெரிய வியாழனிலும் வெள்ளியிலும் வியாகுலப் பிரசங்கத்தைக் கேட்டு நம் பாட்டிமார் அழுதிருக்கின்றனர். மகனுடைய உடலை மடியில் ஏந்திய தாய்க்கு இசைந்த புலம்பல், அக்காளை இழந்த தங்கைக்கு மட்டும் ஏன் இசையாது?

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலிமையானதும்கூட. ஒப்பாரியில் விதியை நோவதும், கடவுளைப் பழிப்பதும், இனி வாழ்வே இல்லை என்பதும் கலந்து வருகின்றன. புனித கிறிசோஸ்தோம் அருளப்பர், கூலிக்கு மாரடிக்கும் பெண்களைச் சாவு வீட்டுக்கு அழைப்போரை மிகக் கடுமையாகக் கண்டித்தார். யாயீரின் வீட்டில் குழலூதுவோரையும் கூச்சலிட்டோரையும் ஆண்டவரே வெளியேற்றினார். இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டவர் கூட்டத்தாரை வெளியேற்றினாரேயன்றிப் பெற்ற தாயையும் தந்தையையும் தம்மோடு உள்ளே அழைத்துச் சென்றார். கிறிசோஸ்தோமார் கண்டித்தது விலைக்கு வாங்கிய அழுகையை. அவ்வாறாயின், இறந்தவரை ஒருநாளும் கண்டிராமல், ஒலிபெருக்கியோடு வந்து, பாடி முடித்துப் பணம் பெற்றுச் செல்லும் இசைக்குழுவைப் பற்றி அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதையும் நாம் சிந்திக்க வேண்டாமா? அந்த வீட்டில் கூலிக்கு அழுதவர் எவரும் இல்லை. விசைப்பலகைக்கு மட்டுமே வாடகை கொடுத்திருந்தோம்.

பறையைப் பற்றியும் ஒரு சொல். மரபுக்குப் பொருந்தவேண்டும் என்று சங்கம் கூறியதைக் காட்டிப் பறை வேண்டும் என்பார் உளர். கோயிலுக்கு அது ஆகாது என்பாரும் உளர். இருவரும் பெரும்பாலும் பறையடிப்பவரை மறந்துவிடுகின்றனர். சாதியின் பெயரால் சாவுக்குப் பறையடிக்கும் கடமை ஒரு சாராரின்மேல் சுமத்தப்பட்டிருந்தது. அதை மறுத்துத் தலித் இளைஞர்கள் பலர் பறையைக் கீழே வைத்தனர். பின்னர் அதையே தம் தன்மானத்தின் கலையாக மேடையில் ஏற்றினர். எனவே கேட்கவேண்டிய கேள்வி இதுவே: சாவுக்கு அழைக்கும் அதே மனிதரைப் பாஸ்காப் பெருவிழாப் பவனியிலும் முன்னே வந்து முழக்குமாறு அழைப்போமா? 'ஆம்' என்றால் பறை வரட்டும். சாவுக்கு மட்டும் என்றால், அது மரபும் அன்று, செபமும் அன்று.

அப்படியானால் அடக்கப் பாடல் யாருக்கு உரியது? என் சிந்தைக்கு எட்டிய விடை இது: இனிப் பாட இயலாத ஒருவருக்கு நாம் நம் வாயைக் கடனாகக் கொடுக்கிறோம். 130-ஆம் திருப்பாடலில் ஆழத்திலிருந்து ஆண்டவரை அழைக்கும் 'நான்', அவ்வேளையில் பாடகனாகிய நான் அல்லன். பெட்டியினுள் மௌனமாய் இருப்பவரே. அவருக்காக, அவர் நிலையில் நின்று, நாம் இறைவனிடம் பேசுகிறோம். இறந்தோர்க்காக வேண்டுதல் நம் விசுவாசத்தின் ஒரு கூறாயிருக்க, அந்த வேண்டுதலை விட்டுவிட்டு அவரைப் புகழ்வதும், வந்தோரை மகிழ்விப்பதும் அவர் வாயை மீண்டும் அடைப்பதாகும்.

இவ்விடையிலிருந்து சில நெறிகள் தாமே பிறக்கின்றன. பாடலில் யாரை விளித்துப் பேசுகிறோம் என்பதை முதலில் பார்க்கவேண்டும். என் நோய் தீர்ந்தது, என் குறை நிறைந்தது என்று பாடுவோனையே சுற்றிவரும் பாடல் நன்றித் திருப்பலிக்கு ஏற்கும். சவப்பெட்டியின் முன் ஏற்காது. திரைப்பட மெட்டில் அமைந்த பாடலில் சொல் புதிதாயினும், மெட்டுத் தன் பழைய காட்சியை உடன் அழைத்து வந்துவிடும். இறந்தவர் விரும்பிய பாடல் என்றால், அது இறைவனை நோக்கிய பாடலாயின் கோயிலிலேயே பாடலாம். இல்லையேல் இரவு முழுதும் உடலருகே விழித்திருக்கும் வீட்டில் அதற்குத் தாராளமாக இடமுண்டு. ஒப்பாரிக்கும் இடம் வீடே. திருச்சபை மூன்று நிலைகளை வகுத்திருப்பது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திணிக்காதிருக்கவும் நமக்கு உதவுகிறது. வீட்டில் அழுகை, கோயிலில் திருப்பாடலும் அல்லேலூயாவும், கல்லறையில் ஒப்புக்கொடுத்தலும் சிறிது மௌனமும் என்று அமைந்தால், ஒன்று மற்றொன்றை விரட்ட வேண்டியதில்லை.

இன்னொரு நெறியையும் அந்த மலையடிவாரமே கற்பிக்கிறது. 1950 ஏப்ரல் 14 அன்று இரவு இரமண மகரிஷியின் உயிர் பிரியும் வேளையில், அவர் இயற்றிய அட்சரமணமாலையை வெளியே இருந்த அடியார்கள் பாடினர். அதைக் கேட்ட அவர் கண்களில் நீர் வழிந்தது என்று உடனிருந்தோர் எழுதிவைத்துள்ளனர். அவர்கள் அன்றைக்கென்று புதிதாக ஒரு பாடலைத் தேடவில்லை. அவர்களுக்கு நெஞ்சில் ஊறிய பாடலே நாவில் வந்தது. துக்கத்தில் இருப்பவன் புதுப் பாட்டைக் கற்றுக்கொள்ள மாட்டான். அன்று எங்களோடு ஒருவரும் சேர்ந்து பாடாததற்குக் காரணம் அவர்கள் அழுததன்று; நாங்கள் பாடியது அவர்களுக்குத் தெரியாத பாடல் என்பதே. ஆகவே 23, 130 ஆகிய திருப்பாடல்களையும், இறந்தோர்க்கான எளிய பாடல்கள் இரண்டையும் பங்கின் சிறுவர் முதல் முதியோர் வரை அனைவரும் மனப்பாடமாகப் பாடக் கற்பிப்பது, புதிய இசைக்கருவி வாங்குவதைவிட இன்றியமையாத பணி. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் தோட்டத்தில் கூடும்போது அவற்றையே ஆண்டுதோறும் பாடலாம்.

முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பின் நான் அந்தத் தங்கையின் வீட்டுக்குச் சென்றேன். அன்று குறுக்கிட்டதற்காக மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒப்பாரியை மீண்டும் ஒருமுறை சொல்ல முடியுமா என்றும் கேட்டேன். அவர் என்னை வியப்போடு நோக்கினார். "அது அப்ப வந்தது, தம்பி. இப்பக் கேட்டா எங்க வரும்?" என்றார். பிறகு அடுப்படிக்குப் போய் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தப் பாடல் எனக்கு இனிக் கிடைக்காது. தம் அக்காளுக்காக அதைப் பாடி முடிக்கும் வாய்ப்பு அவருக்கும் இனிக் கிடைக்காது. சாவு வீட்டுக்குப் பாடச் செல்லும் பாடற்குழு நண்பர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. உள்ளே நுழைந்ததும் கருவியைத் திறக்காதீர்கள். ஓர் ஓரமாக அமர்ந்து, அங்கே ஏற்கெனவே எழுந்துகொண்டிருக்கும் பாடலை முதலில் கேளுங்கள். அது ஓயும்வரை காத்திருந்து, பின்னர் அவர்களும் அறிந்த திருப்பாடலை மெல்லத் தொடங்குங்கள்.