எலும்பை வாங்கலாமா?

'கூட்டமா நிக்காதீங்க, நடங்க' என்று போலீஸ் விரட்டினால் என்ன செய்வீர்கள்? வீட்டைப் பார்க்கப் போவீர்கள். நானும்தான். 1977 ஏப்ரல் 30 அன்று அர்ஜென்டினா தலைநகர் ப்யூனஸ் அயர்ஸில், ஜனாதிபதி மாளிகை எதிரே உள்ள மே சதுக்கத்தில் 14 பெண்கள் நடந்தார்கள். அங்கேயே, சுற்றிச் சுற்றி. ராணுவ ஆட்சி தூக்கிக்கொண்டுபோன பிள்ளைகள் எங்கே என்று கேட்க வந்தவர்கள். பிறகு வியாழன்தோறும் நடந்தார்கள். தலையில் வெள்ளைத்துணி. முதலில் அது குழந்தைக்குக் கட்டுகிற துணிதான். தொடங்கிவைத்த அசுசேனா வில்லாஃப்ளோரையே அந்த டிசம்பரில் கடத்திவிட்டார்கள்.

1983-ல் ஜனநாயகம் திரும்பியது. கதை அங்கே முடிந்திருந்தால் சுபம்.

பெயரில்லாத புதைகுழிகளைத் தோண்டி, எலும்புகளை அடையாளம் காண ஆரம்பித்தார்கள். அம்மாக்களில் ஒரு பகுதியினர் வாங்க மறுத்தார்கள். உயிரோடு கூட்டிப்போன பிள்ளையைக் கொன்றது யார் என்று சொல்லாமல் எலும்பைக் கொடுத்தால், கணக்குத் தீர்ந்தது என்றுதானே அர்த்தம்? மற்றவர்களுக்கோ, புதைக்க ஓர் இடமாவது வேண்டும். 1986-ல் அமைப்பே இரண்டாக உடைந்தது.

யார் பக்கம் நியாயம்? ரொம்ப நாள் நான் மறுத்தவர்கள் கட்சி. ஆனால் 2005-ல் அசுசேனாவின் எலும்புகள் அடையாளம் தெரிந்தன. உயரத்திலிருந்து விழுந்த முறிவுகள் அவற்றில் இருந்தன. விமானத்திலிருந்து கடலில் எறிந்திருக்கிறார்கள். கொன்றவர்கள் சொல்லாததை எலும்பு சொல்லிவிட்டது. அஸ்தியை அவர் நடந்த சதுக்கத்திலேயே புதைத்தார்கள். அப்போது கட்சி மாறினேன்.

ஆனாலும், மறுத்த ஓர் அம்மா எதிரே உட்கார்ந்திருந்தால், 'வாங்கிக்குங்கம்மா' என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கு?