இறங்கும் கரையும் இறங்காத கரையும்

சென்ற ஆண்டுக் கோடையில், ஜமுனாமரத்தூரில் மழை ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர்தம் துணைவியாரும் நம்மைக் காண ஜவ்வாது மலையேறி வந்தனர். முன்பு சமவெளியில் நாம் பணியாற்றிய பங்கைச் சேர்ந்தவர்கள். கனடாவிலுள்ள மகன், பெற்றோரின் நாற்பதாம் மணநாளை முன்னிட்டு, வான்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு நாள் கப்பற்பயணம் ஏற்பாடு செய்ய விரும்பி, இரண்டு பயணத்திட்டங்களை அனுப்பியிருந்தான். எதைத் தெரிவது என்பதில் இருவருக்கும் கருத்து ஒவ்வவில்லை. தீர்ப்புக் கேட்க, கன்னியாகுமரிப் படகைத் தவிர வேறு கலம் ஏறியறியாத நம்மிடம் வந்திருந்தனர்!

முதல் திட்டத்தில் ஜூனோ, ஸ்கேக்வே, கெட்சிக்கன் ஆகிய மூன்று துறைமுகங்களில் இறங்கலாம். மேலும் ஒரு நாள் கிளேசியர் விரிகுடாவில் கப்பல் மெல்ல ஊர்ந்து செல்லும், கடலில் வந்து முடியும் பனியாறுகளைக் கப்பலின் தளத்திலிருந்தே காணலாம், கரையிறங்க வழியில்லை. இரண்டாம் திட்டத்தில் அவ்விரிகுடா இல்லை. மாறாக, ஹூனா என்னும் சிற்றூரின் அருகே நான்காவதாக ஒரு துறையில் இறங்கலாம்.

"சாமி, காசு கொடுத்துக் கப்பலேறி, ஒரு நாள் முழுக்கக் கரையைப் பார்த்துக்கொண்டே இறங்காமல் வருவதா?" என்றார் ஆசிரியர். "எனக்கு முழங்கால் வலி, சாமி. ஓரிடத்தில் உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்" என்றார் அம்மா.

உண்மையைச் சொல்லிவிடுவோம். முதலில் நம் மனத்தில் எழுந்தது, நம் மாணவர் விடுதியின் ஒழுகும் கூரைதான். அப்பயணச் செலவில் எத்தனை ஓடு மாற்றலாம் எனக் கணக்கிட்டோம். பிள்ளை அன்போடு தருவதைப் பிறர் கூரைக்காக எண்ணிப் பார்த்தமைக்கு உடனே வெட்கினோம்.

இது அவரவர் விருப்பம். இதில் அறம் எங்கே வந்தது என்று கேட்கலாம். குருமடத்தில் நாம் பயின்ற தூய அக்குவினாஸ் தோமா இதற்கு நுட்பமான விடை தருகிறார். பொதுவாக நோக்கின் நன்மையும் தீமையும் அற்ற செயல்கள் உண்டு. ஆனால் ஒரு மனிதர் ஆய்ந்து தெளிந்து, ஒரு நோக்கத்தோடு, ஒரு சூழலில் செய்யும் தனிச்செயல் எதுவும் அவ்வாறு நடுநிலையில் நிற்பதில்லை என்பது அவர் கருத்து. உலாவப் போவதும் அப்படித்தான். எங்கே இறங்குகிறோம், எதைக் கடந்து செல்கிறோம் என்பதில் நாம் காணச் செல்லும் மக்களுக்கும் ஒரு பங்கு உண்டன்றோ?

கண்டும் விலகிச் செல்வது குற்றம், நின்று அருகில் வருவதே அன்பு என நல்ல சமாரியர் உவமையைக் கொண்டு நாமே பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். இம்மலைக்கு வந்தபின் அதில் ஓர் ஐயம் தோன்றியுள்ளது. விடுமுறை நாள்களில் போளூர்ச் சாலை வழியாக வண்டிகள் ஏறிவருகின்றன. கண்ணாடியை இறக்கிவிட்டுக் குளிர்காற்றை வாங்கிக்கொண்டு போய்விடுவோர் ஒருசாரார். அவர்களால் யாருக்கும் கேடில்லை. நின்று இறங்குவோருள்தான் அருவிக்கரையில் புட்டிகளை உடைத்துப் போடுவோரும், முற்றத்தில் சாமை காயவைக்கும் பெண்ணைக் கேளாமலே படமெடுப்போரும் இருக்கின்றனர். அவ்வுவமையில் சமாரியர் நின்றது அடிபட்டுக் கிடந்தவருக்காக. இவர்கள் நிற்பது தமக்காக.

ஆயினும் கடந்து செல்பவரையும் முற்றிலும் விடுவித்துவிட முடியவில்லை. அவர் கண்ணுக்கு இம்மலை மரமும் மஞ்சும் மட்டுமே. 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறி ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்த் தொழிலாளருள் இம்மலையினரும் இருந்தனர். வேலை தேடி ஆடவர் வெளியேறிய வீடுகள் சாலையிலிருந்து பார்த்தால் அழகிய ஓலைக் குடில்களாகத்தான் தெரியும்.

ஆசிரியர் கொணர்ந்த தாள்களில் கிளேசியர் விரிகுடா 'மனிதக் கை படாத இயற்கை' என்று போற்றப்பட்டிருந்தது. வரலாறு வேறு. அது ஹூனா டிலிங்கிட் என்னும் பழங்குடியினரின் தாயகம். 18ஆம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து அவர்களை ஊரைவிட்டுத் துரத்தியது. பின்னர்ப் பனி பின்வாங்கியபோது அவர்கள் மீன்பிடிக்கவும் கடற்பறவை முட்டை சேகரிக்கவும் அங்கே மீண்டும் சென்றனர். 1925இல் அரசு அப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கியது. 1980இல் அது தேசியப் பூங்காவாயிற்று. முட்டை எடுப்பதும் குற்றமாயிற்று. அவ்வுரிமையைத் திருப்பித் தரும் சட்டம் 2014இல்தான் வந்தது. அவர்களுக்கென ஒரு மரபு இல்லம் அவ்விரிகுடாக் கரையில் எழுந்தது 2016இல். காட்டில் தேனும் புளியும் கடுக்காயும் எடுக்க 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரை காத்திருந்த நம் மலைவாழ் மக்களுக்கு இக்கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அங்கே நாளொன்றுக்கு இரண்டு பெருங்கப்பல்களுக்கு மேல் அனுமதியில்லை. ஆகவே இறங்காமல் பார்த்துச் செல்வது அவ்விடத்தில் ஒருவகை மரியாதை எனலாம். ஜூனோவிலோ நிலை நேர்மாறு. ஏறத்தாழ 32,000 பேர் வாழும் அந்நகருக்கு 2023இல் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட கப்பற்பயணிகள் வந்தனர். நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் போதும் என 2024 முதல் கப்பல் நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொள்ள வேண்டியதாயிற்று. இறங்குவோர் அளவு மீறினால் ஊர் கடைத்தெருவாகிவிடும், ஊரார் விற்பனையாளராகிவிடுவர்.

இவ்விடத்தில் நம் மலைபடுகடாம் நினைவுக்கு வருகிறது. நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி கூறும் நூல் அது. அதில் வரும் நவிரமலையை, இம்மலைத்தொடரை அடுத்துள்ள பர்வதமலை என்று அறிஞர் கொள்வர். சேயாறு இங்கேதான் பிறக்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைப்புனக் காவலரின் கவண்கல் எங்கே வந்து விழும், எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் அது விரித்துரைக்கிறது. அதுவும் ஒரு பயணத்திட்டந்தான். ஆனால் அதில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் விருந்தோம்புவார் ஒருவர் இருக்கிறார். இன்றைய திட்டங்களில் துறைமுகம் உண்டு, மணிக்கணக்கு உண்டு. அழைப்பவர் யார் என்பது மட்டும் இல்லை.

அதைத்தான் தம்பதியரிடம் கூறினோம். இரண்டாம் திட்டத்திலுள்ள ஹூனாவில் வாழ்வோர், அந்த விரிகுடாவிலிருந்து பனி துரத்திய மக்களின் வழித்தோன்றல்களே. பழைய மீன் பதனிடும் ஆலை ஒன்றைச் சீரமைத்து, 2004 முதல் அத்துறையை நடத்துவதும் அவர்களைச் சேர்ந்த நிறுவனமே. அங்கே அழைப்பவர்கள் அவ்வூரார். "வீட்டுக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள், விட்டுவந்த வீடு அங்கே இருக்கிறது; எதைப் பார்க்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றோம். இத்தகைய பெருங்கப்பல் எரிக்கும் எண்ணெயும் அப்பனி உருகுவதற்கு ஒரு காரணமன்றோ என்று ஆசிரியர் கேட்டார். ஆம் என்றோம். அதற்கு மேல் அவருக்குக் கூற நம்மிடம் ஒன்றும் இல்லை.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் வாசலில் நின்று பார்த்துவிட்டு வருவானேன்? அவர்கள் ஊருக்கே போவோம்" என்றார். ஆசிரியர் வென்றுவிட்டதாக மகிழ்ந்தார். அம்மா அதை அவ்வாறு எண்ணியதாகத் தெரியவில்லை.

செப்டம்பரில் கடிதம் வந்தது. ஹூனாவில் அன்று முழுவதும் மழையாம். மலையும் தெரியவில்லை, திமிங்கிலமும் தெரியவில்லை. ஆசிரியர் நனைந்துகொண்டே ஊரைச் சுற்றினார். ஆலைக் கூடத்தில் இருந்த வயதான பெண் ஒருவர், அம்மா நொண்டி நடப்பதைக் கண்டு, நாற்காலி ஒன்றை அடுப்பருகே இழுத்துப் போட்டாராம். எந்த ஊர் என்று அவர் கேட்க, இவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நம் மலையைப் பற்றிச் சொன்னாராம். பனியாற்றைக் காணாத குறை மட்டும் இன்னும் தீரவில்லை என்று, ஆசிரியரின் கையெழுத்துக்குக் கீழே, அம்மா தம் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்.