தணலைக் கிளறும் கை

யூதரின் உணவு நெறி என்றதும் பன்றி இறைச்சி விலக்கும், பாலோடு இறைச்சி சேர்க்காத வழக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பண்டைய யூதேயாவின் எளிய வீட்டில் இறைச்சி வெந்த நாள்கள் மிகக் குறைவு. கணவன் தன் மனைவிக்கு இன்னொருவர் மூலம் படியளந்தால் வாரத்துக்கு எவ்வளவு குறையாமல் தர வேண்டும் என்று, கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா கணக்கிடுகிறது: 2 கவ் கோதுமை அல்லது 4 கவ் வாற்கோதுமை, அரை கவ் பயறு, கொஞ்சம் எண்ணெய், ஒரு கவ் உலர்ந்த அத்திப்பழம். (ஒரு கவ் என்பது 24 முட்டை கொள்ளும் அளவு.) இறைச்சிக்கு அதில் இடமே இல்லை. விலக்க ஒன்றுமில்லாத இந்தப் பானைக்குள் சமயம் எப்படி நுழைந்தது? சமைக்கும் முறையின் வழியாகத்தான் என்பது என் வாதம்.

பிசைந்த மாவில் 24-இல் ஒரு பங்கு ஆசாரியருக்கு. மண்பாண்டம் தீட்டுப்பட்டால் உடைத்துவிட வேண்டும், கல்லுக்குத் தீட்டில்லை. இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருந்த இலட்சியம் என்று ஒதுக்க முடியாது. சுண்ணக்கல்லில் குடைந்த குவளைகள் எருசலேமின் செல்வர் வீடுகளில் மட்டுமல்ல, கலிலேயாவின் சிற்றூர்களிலும் கிடைத்திருக்கின்றன. யோவான் நற்செய்தி சொல்லும் கானாவூர்க் கலியாணத்தின் ஆறு கற்சாடிகளும் அந்த வழக்கத்தைச் சேர்ந்தவையே. எல்லாவற்றையும்விட ஆழமானது அடுப்பு விதி. ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது. முன்பே வெந்த உணவை அடுப்பில் விட்டுவைக்கலாமா? வைக்கோலோ அரிதாளோ எரித்த அடுப்பானால் வைக்கலாம். விறகோ ஒலிவப் பிண்ணாக்கோ எரித்திருந்தால், தணலை வாரிக் கொட்டிய பிறகு அல்லது சாம்பலால் மூடிய பிறகே வைக்க வேண்டும். அப்போதும் வெந்நீர் மட்டுமே வைக்கலாம் என்றது, யூத அறிஞரின் இரு மரபுகளில் ஒன்றான ஷம்மாய் பள்ளி. உணவும் வைக்கலாம் என்றது மற்றதான ஹில்லேல் பள்ளி. சூடு ஆறாதிருக்கத் துணியாலும் புறா இறகாலும் பானையைப் பொதியலாம். சூடேற்றும் பிண்ணாக்கில் புதைக்கக் கூடாது.

தூய்மை உள்ளத்தில் இருக்க வேண்டியது, அடுப்பில் அதற்கென்ன வேலை என்ற எதிர்ப்பு பழையது. மாற்கு நற்செய்தியில் இயேசுவே அதை எழுப்புகிறார். வலுவான எதிர்ப்புதான். ஆனால் வைக்கோலுக்கும் விறகுக்கும் ஏன் இந்த வேறுபாடு? வைக்கோல் எரிந்தால் தணல் நிற்பதில்லை. விறகுத் தணல் நின்றெரியும். பானை ஆறுகிறதே என்று தன்னையறியாமல் அதைக் கிளறிவிடக்கூடும் என்று மிஷ்னாவை விளக்கும் தல்மூத் காரணம் சொல்கிறது. இந்த விதி குறிவைப்பது ஆசை எழுந்து கை நீளும் அந்தக் கணத்தை. உள்ளம் என்று தனியே எதைப் பிரித்துக் காட்ட முடியும்? உணவு சூடாக இருக்க வேண்டும் என்ற விருப்பத்தையும் யாரும் பழிக்கவில்லை. பானையைப் பொதியும் வழிகளைத் தேடியதே அதற்குச் சான்று.

இதைவிட எனக்குக் கனமாகப் படும் எதிர்ப்பு வேறு: விதி பேசிய குரல்கள் ஆண்களுடையவை, அடுப்படியில் நின்ற கை பெரும்பாலும் பெண்ணுடையது. சுமை அவள் மேல் விழுந்தது உண்மை. அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் கி.பி. 70-இல் ஆலயம் இடிந்து பலி நின்றபின்னும், மாவில் ஆசாரியருக்குரிய பங்கைத் தன் கையால் கிள்ளி வைத்தவள் அவளே.