படிக்காமல் திருப்பிய ஏடு

1898-ஆம் ஆண்டு லாகூரில், முஹம்மதி பேகம் அம்மையாரை ஆசிரியராகக் கொண்டு 'தஹ்ஸீபே நிஸ்வான்' என்னும் உர்தூ வார இதழ் தோன்றியது. 'மாதர் பண்பாடு' என்பது அப்பெயரின் பொருள். உடன் நின்ற கணவர் சையித் மும்தாஜ் அலீயோ தேவ்பந்தில் ஓதிய ஆலிம். ஆயினும், அனுப்பிய பிரதிகளுள் பல வசைமொழி எழுதப்பெற்றுத் திரும்பி வந்தன.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் 2,210 எனக் கணக்கிட்டு, அவற்றைக் கொண்டு மார்க்கச் சட்டம் கற்ற சமுதாயம் நாம். அங்கே நம் முன்னோர் நோக்கியவை வாய்மையும் நினைவாற்றலுமே. ஆணா, பெண்ணா என்பதன்று. நாவுக்கு வழங்கிய அந்நீதியை எழுதுகோலுக்கு மறுப்பது முறையாகுமா?

நம் மகள் தான் எழுதிய தாளை நீட்டினால் முதலில் படிப்போம், பிழையிருப்பின் திருத்துவோம். படிக்காமலே திருப்புவது பேணுதலன்று, அநீதியே.