மெய்விவாகமா, விசா விவாகமா?



தூரதேசத்திலிருந்து பெண் கேட்டு வரும் கதை வேதாகமத்துக்குப் புதியதல்ல. ஆதியாகமம் 24ஆம் அதிகாரத்தை விரித்துப் பாருங்கள். முதிர்வயதிலே ஆபிரகாம் தம் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடித் தம்முடைய மூத்த ஊழியனைத் தமது சொந்த நாட்டுக்கு அனுப்புகிறார். பத்து ஒட்டகங்கள் போகின்றன. பொன் நகைகள் போகின்றன. மாப்பிள்ளை மாத்திரம் போகவில்லை. கிணற்றடியில் ஊழியன் ரெபேக்காவைக் காண்கிறான். வீட்டார் சம்மதிக்கிறார்கள். மறுநாட் காலையிலேயே புறப்படவேண்டுமென்று அவன் அவசரப்படுகிறான். பத்து நாளாவது பிள்ளை எங்களோடு இருக்கட்டும் என்று தாயும் தமையனும் தவணை கேட்கிறார்கள். முடிவில் என்ன செய்தார்கள்? பெண்ணைக் கூப்பிட்டு அவளிடமே கேட்டார்கள். போகிறேன் என்று அவள் சொன்ன பின்னரே ஒட்டகங்கள் புறப்பட்டன.

இன்னுமொன்றைக் கவனியுங்கள். பெண் வர மறுத்தால் என்ன செய்வது என்று அந்த ஊழியன் பயணத்துக்கு முன்பே கேட்டிருந்தான். அப்படியானால் உன்னுடைய ஆணையிலிருந்து நீ விடுதலை என்று ஆபிரகாம் சொல்லியிருந்தார். மறுப்பதற்கும் அங்கே இடம் இருந்தது. அந்த இடம் இருந்தபடியாற்றான் ரெபேக்காவின் சம்மதம் சம்மதமாயிற்று.

1983க்குப் பின் நம் பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் பாரிசிலும் ஜேர்மனியிலும் சிதறிக் குடியேறியபடியால், நம் வீட்டுக் கலியாணங்களும் கடல் கடந்தே பேசப்படுகின்றன. இதிலே குற்றம் ஏதுமில்லை. ஆயினும் அந்த வீட்டார் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டதுபோல் நாமும் கேட்கிறோமா?

ஒரு வீட்டை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை ரொறன்ரோவில். படம் பார்த்தாயிற்று, கைத்தொலைபேசியில் நாலைந்து தரம் கதைத்தாயிற்று. மூன்று கிழமை லீவில் அவர் வருகிறார். “ஸ்பொன்சர் அலுவலைத் தொடங்கவேண்டும். இந்த முறை எழுத்தை வைப்போம், விசா சரிவந்த பிறகு கோவிற் கலியாணத்தைப் பெரிதாகச் செய்வோம்” என்று பெரியவர்கள் முடிவுசெய்கிறார்கள். எழுத்து முடிந்து அவர் திரும்பிப் போய்விட்டார். ஆறு மாதம் செல்லப் பெண்ணின் மனத்தில் ஒரு கலக்கம். கேட்ட கேள்விக்கு நேரான பதில் இல்லை. பழைய தொடர்பு ஒன்றைப்பற்றி ஒரு காதுச் செய்தி. தாயிடம் சொல்கிறாள். “எழுத்தும் முடிஞ்சுது, பத்திரங்களும் அனுப்பியாச்சு. இனி என்ன கதை, பிள்ளை?” என்கிறாள் தாய். பெண் வாய்மூடிவிடுகிறாள். அடுத்த ஆண்டு கூறையுடுத்திப் பீடத்தின் முன் நிற்கிறாள். சுயவிருப்பத்தோடு வந்தாயா என்று குருவானவர் கேட்கிறார். “ஆம்” என்கிறாள். அந்த “ஆம்” அவளுடையதா, அனுப்பிய பத்திரங்களுடையதா?

இது சிறிய விடயமல்ல. விவாகத்தை உண்டாக்குவது இருவருடைய சம்மதமே என்றும், அதற்கு ஈடாக வேறெந்த மனித அதிகாரமும் சம்மதம் கொடுக்க முடியாது என்றும் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057ஆம் சட்டம் கூறுகின்றது. பலவந்தத்தாலோ, வெளியிலிருந்து வரும் பெரும் அச்சத்தாலோ நடக்கும் விவாகம் செல்லாது என்பது 1103ஆம் சட்டம். கத்தோலிக்கருக்கு எழுத்து மாத்திரம் திருவருட்சாதனம் ஆகாது. ஆனால் நாட்டுச் சட்டத்தின்படி அதுவே முழுக் கலியாணம். நீதிமன்றம் போகாமல் அதை அவிழ்க்க முடியாது. ஆகவே எழுத்தை முந்தி வைத்துக் கோவிலைப் பிந்தி வைக்கும்போது, பிள்ளையின் கையைக் கட்டிவிட்டு, விருப்பமோ என்று பிறகு கேட்கிறோம்.

வேறு நாடுகளின் சட்டங்களும் அவசரத்தைத் தூண்டுகின்றன என்பது உண்மையே. வாழ்க்கைத் துணையை அழைப்பவருக்கு ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் போதும் என்றிருந்த பிரித்தானியா, 2024 ஏப்ரலில் அதை 29,000 பவுண் ஆக்கியது. ஜேர்மனிக்குக் கணவரிடம் போகும் பெண் அடிப்படை ஜேர்மன் மொழிப் பரீட்சையில் சித்தியடையவேண்டுமென்ற விதி 2007இல் வந்தது. விவாகம் செய்வதற்கென்று விசா பெற்று அமெரிக்கா போகிறவர், இறங்கி 90 நாட்களுக்குள் கலியாணத்தை முடிக்கவேண்டும். பிரித்தானியாவில் இதற்கு ஆறு மாதத் தவணை. கனடாவிலோ மணமகன், மணமகள் இருவரும் நேரில் நிற்காமல் பதிலாள் மூலமோ தொலைபேசி மூலமோ செய்த விவாகத்தை 2015 முதல் ஸ்பொன்சருக்கு ஏற்பதில்லை. பதிலாள் மூலம் விவாகம் செய்யத் திருச்சபைச் சட்டம் கடுமையான நிபந்தனைகளோடு இடம் கொடுத்தபோதிலும், கமராவின் முன் மோதிரம் மாற்றுவதை அதுவும் விவாகமாகக் கொள்வதில்லை.

இத்தனை விதிகளுக்கும் பின்னால் விசா அதிகாரியின் கேள்வி ஒன்றே: இந்தக் கலியாணம் மெய்யானதா? அதற்காகவே படங்களையும் கடிதங்களையும் தொலைபேசிக் கணக்குகளையும் கேட்கிறார். நம் முன்னோர் இந்தத் திருவருட்சாதனத்துக்கு இட்ட பெயரை நினைத்துப் பாருங்கள். மெய்விவாகம் என்றே ஞானோபதேசத்தில் நமக்குப் படிப்பித்தார்கள். பீடத்தின் முன் நமது கேள்வியும் அதுவே. அதிகாரிக்குப் படம் காட்டலாம். இருதயங்களை அறிகிற ஆண்டவருக்கு எந்தப் படத்தைக் காட்டப்போகிறோம்?

இன்னொரு பொல்லாப்பும் உண்டு. “விசா வந்தால் சேர்ந்து வாழ்வோம், வராவிட்டால் அவரவர் வழி” என்று உள்ளத்தில் உடன்படிக்கை செய்துகொண்டு கைபிடிப்போர் இருக்கிறார்கள். எதிர்காலத்தில் நடக்கவேண்டிய ஒன்றை நிபந்தனையாக வைத்துச் செய்யும் விவாகம் செல்லாது என்று 1102ஆம் சட்டம் சொல்கின்றது. வெளிநாடு போவதற்காக மாத்திரம், கணவன் மனைவியாக வாழும் எண்ணமே இல்லாமல் வாயினால் சம்மதம் சொல்வது வெறும் நடிப்பு. அது திருவருட்சாதனத்தை அவமதிப்பது. அதனால் விவாகமும் உண்டாவதில்லை.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலாவது, எழுத்தையும் கோவிற் கலியாணத்தையும் பிரிக்காதிருங்கள். நாட்டுச் சட்டப்படி விவாகத்தைப் பதிவுசெய்யும் உரிமை பெற்ற கோவில்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பதிவைக் கொண்டே ஸ்பொன்சர் அலுவலைத் தொடங்கலாம். அதன் பின் விசாவுக்காகக் காத்திருக்கும் மாதங்கள் கடினமானவைதான். ஆயினும் அவர்கள் தேவனுக்கு முன்பாகக் கணவனும் மனைவியுமாகவே காத்திருப்பார்கள்.

இரண்டாவது, மூன்று கிழமை லீவை நம்பி மூன்று கிழமைக்கு முன் பங்குக் குருவானவரிடம் ஓடாதீர்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டும் நாளிலேயே அவரையும் சந்தியுங்கள். புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். வெளிநாட்டிலுள்ள பங்கிலிருந்து மணமகன் விவாகத்துக்குத் தடையற்றவர் என்ற கடிதம் வேண்டும். விவாக ஆயத்த வகுப்பும் வேண்டும். வெளிநாட்டில் போய்த்தான் கலியாணம் என்றால் இவற்றையெல்லாம் விமானம் ஏறுமுன் இங்கே ஆயத்தப்படுத்துங்கள். தொண்ணூறு நாளில் வீடு பார்ப்பதா, குளிருக்கு உடுப்பு வாங்குவதா, குருவானவரைத் தேடுவதா?

இந்தப் பத்திரங்களும் கோவிலில் வாசிக்கும் விவாக அறிவித்தலும் வெறும் தொந்தரவு என்று முணுமுணுக்காதீர்கள். ஏழாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒருவர் முன்னர் எங்கேயாவது எழுத்து வைத்தவரா என்று உங்கள் பிள்ளைக்காக விசாரிப்பது அவைதாம். அந்நாட்டில் நிற்க அனுமதி பெறுவதற்காக முன்பு ‘கடதாசிக் கலியாணம்’ செய்தவர் இருந்தால், அதை ஒளிக்காமல் தொடக்கத்திலேயே குருவானவரிடமும் பெண் வீட்டாரிடமும் சொல்லட்டும். முதலில் சொன்னால் வழி பிறக்கும். பிறகு தெரியவந்தால் வீடு உடையும்.

மூன்றாவதும் முக்கியமானதும்: மண்டபம் பேசியபின்பும், நகை செய்தபின்பும், பத்திரம் அனுப்பியபின்பும் பிள்ளையை ஒருமுறை தனியே அழைத்துக் கேளுங்கள். பெண்ணை மாத்திரமல்ல, வெளிநாட்டிலிருக்கும் மகனையும் கேளுங்கள். தமக்கையரின் கடனுக்காகவும் தாயின் கண்ணீருக்காகவும் தலையாட்டும் ஆண்பிள்ளைகளும் இல்லாமலில்லை. “வேண்டாம்” என்று பிள்ளை சொன்னால் முற்பணம் போகும், ஊர் கதைக்கும். போகட்டும், கதைக்கட்டும். மண்டபக்காரனுக்குக் கொடுத்த பணத்தைப் பிறகும் உழைக்கலாம். பிள்ளையின் வாழ்வை எந்த நாட்டில் உழைத்து மீட்கப்போகிறீர்கள்?

வெளிநாடுகளில் இருந்து இதை வாசிக்கும் பிள்ளைகளே, உங்களை நம்பி வருபவள் மொழி தெரியாமல், உறவு இல்லாமல், தன் வதிவிட அனுமதிக்கும் உங்களையே சார்ந்து வருகிறாள். “உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்” என்ற சொல் உங்கள் வீட்டில் ஒருநாளும் ஒலிக்கவேண்டாம். அவளுடைய கடவுச்சீட்டு அவள் கையிலேயே இருக்கட்டும். வந்த முதல் ஞாயிறே அவளைக் கோவிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆண்டுதோறும் கெவலார் மாதாவிடம் திரளும் நம்மவர்களைப்போல, எந்த நாட்டிலும் அவளுக்குத் தாய்மொழியில் செபிக்க ஒரு கூட்டம் உண்டு.

ரெபேக்காவையும் அவள் வீட்டார் தனியே அனுப்பவில்லை. அவளை வளர்த்த தாதியையும் கூட அனுப்பினார்கள். மாலை வேளையில் வயல்வெளியில் நின்ற ஈசாக்கு, தூரத்தில் ஒட்டகங்கள் வருவதைக் கண்டார். அவளைத் தம் தாயின் கூடாரத்துக்குள் அழைத்துச் சென்றார், அவளை நேசித்தார், தாயை இழந்த துயரில் ஆறுதல் கண்டார். விமான நிலையத்தில் காத்து நிற்கும் ஒவ்வொரு மணமகனுக்கும், பெட்டியோடு இறங்கும் ஒவ்வொரு மணமகளுக்கும் இறைவன் அந்த ஆறுதலை அருள்வாராக. அவர்கள் சொன்ன “ஆம்” மெய்யான “ஆம்” ஆக என்றும் நிலைப்பதாக. ஆமென்.