பேறுகாலத்திற்குப் பகை உண்டா?

சண்டை நடக்கும் இடத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு உணவும் மருந்தும் கொடுப்பது எதிரிக்குக் கொடுப்பதாகுமா? இக்கேள்வி நம் ஜெலுபு வட்டாரத்துக்குப் புதியதன்று.

மலாயாவில் 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நடந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்ச் சேரக்கூடாதென்று, 1950-இல் வகுத்த பிரிக்ஸ் திட்டப்படி ஏறத்தாழ 5 இலட்சம் பேரை முள்வேலிக்குள் குடியேற்றினார்கள். தோட்டத்து லயங்களையும் வேலி சூழ்ந்தது. தடை இறுகிய இடங்களில் அரிசிக்குப் பங்கீடு, கடைக்காரர் டின்னைத் துளையிட்டே விற்கவேண்டும், வாசலில் சோதனை. பால்மரம் வெட்டப் போகிறவர் சோறு கொண்டுபோக முடியாது. அந்த வரிசையில் கர்ப்பிணிகளும் நின்றார்கள்.

சர்க்காரின் அச்சம் பொய்யன்று. காட்டுக்குப் போன அரிசியும் உண்டு. ஆனால் அச்சத்துக்குப் பரிகாரம் என்ன?

1949 ஆகஸ்டு 12-இல் உருவான நான்காவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 23-ஆம் பிரிவைப் பாருங்கள். கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஆகியோருக்கான இன்றியமையாத உணவு, துணி, சத்து மருந்துகளை எதிர்த்தரப்பாருக்கானாலும் போகவிட வேண்டும் என்கிறது அது. அவை வேறிடம் போய்விடுமென்று அஞ்சப் பலத்த காரணமிருந்தால் மறுக்கவும் இடமுண்டு. நடுநிலையார் மேற்பார்வையில் பங்கிட வேண்டுமென்று நிபந்தனை விதிக்கவும் இடமுண்டு.

இரண்டாவதே நியாயம் என்பேன். எடையில் சந்தேகம் வந்தால் தராசைச் சோதிக்கிறோம், கடையைப் பூட்டுவதில்லை. ரமலான் நோன்பு இறைவன் இட்ட கடமை. தனக்கோ சிசுவுக்கோ தீங்கு வருமென்று அஞ்சும் கர்ப்பிணி அதைப் பின்னர் நோற்கலாமென ஷரீஅத் சலுகை தருகிறது. படைத்தவன் கட்டளையே கருவுக்காகப் பொறுத்திருக்கிறது. படைத்தலைவன் கட்டளை பொறுக்கலாகாதா?

நடக்கிற காரியமா என்பீர்கள். இலங்கையின் வன்னிப் போரில், 2009 பிப்ரவரி முதல், செஞ்சிலுவைச் சங்கத்தார் ஏற்பாடு செய்த கப்பல் இரு தரப்பார் சம்மதத்தோடு புதுமாத்தளன் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான காயம்பட்டோரையும் நோயாளிகளையும் திருகோணமலைக்கு ஏற்றிச் சென்றது. மே 9-க்குப் பின் சண்டையின் மும்முரத்தில் கப்பல் கரையணைய முடியவில்லை. வழியைத் திறந்ததும் மனிதர்களே, அடைத்ததும் மனிதர்களே.

ஆகவே எந்த நாட்டுப் போரைப்பற்றிப் பேசினாலும், யார் ஜெயிப்பார் என்று கேட்குமுன், பிள்ளைத்தாய்ச்சிக்கு வழி விட்டார்களா என்று கேட்போமாக.