கறையைக் கழுவலாமா?

மதுரை தல்லாகுளத்தை ஒட்டிய தமுக்கம் அரண்மனையில், காந்தி அருங்காட்சியகத்தில், அண்ணல் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணி இரத்தக் கறையோடு கண்ணாடிக்குள் இருக்கிறது. துவைத்திருந்தால் அது வெறும் துணி. அரக்கோணம் கடற்படை விமானத்தளமான ஐஎன்எஸ் ராஜாளியில் 2017 மார்ச் 29 அன்று ஓய்வுபெற்ற டியூ-142 கடற்படைக் கண்காணிப்பு விமானம், விசாகப்பட்டினம் கடற்கரையில் காட்சிக்கு நிற்கிறது. அதே கேள்வி அங்கும் எழுகிறது: அதில் எதைப் புதுப்பிக்கலாம்? கோயில் திருப்பணியில் பாலாலயம் செய்து இறைவனை வேறிடத்தில் எழுந்தருளச் செய்கிறோம். கல்லை மாற்றினாலும் கோயில் மாறுவதில்லை. விமானத்திலிருந்து அப்படி எழுந்தருளச் செய்ய எதுவுமில்லை. அதன் 29 ஆண்டு உழைப்பு தகட்டிலும் தேய்ந்த இருக்கையிலும் மட்டுமே தங்கியிருக்கிறது.

உப்புக்காற்று அரிக்குமே என்பார்கள். வெளியே வர்ணம் பூசட்டும். அரிப்பு நினைவல்ல, நோய். உள்ளே கை பட்டுத் தேய்ந்ததை மாற்ற வேண்டாம். போர்க்கருவியைக் காட்சிக்கு வைப்பதே வன்முறைக்குச் செய்யும் வணக்கம் என்பது இன்னும் கனமான மறுப்பு. பளபளப்பாக்கி நிறுத்தினால் அது உண்மைதான். தேய்மானத்தோடு நின்றால், பார்க்கும் பிள்ளை கேட்கும்: இது எதைத் தேடிப் பறந்தது?